‘அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் நின்றதா, அடித்ததா?

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். நான் திருநெல்வேலி மாவட்டத்துக்காரி. நர்சிங் முடித்துச் சென்னையில் 6 வருஷம் வேலை பார்த்தேன். இப்போது 9 மாதமாக வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வில் நல்ல கிரேடு வாங்கித்தான் வந்தேன். ஆனால் வார்டில் பேசுகிற இங்கிலீஷ் பிடிபடவே இல்லை. தனித்தனியாக எல்லா வார்த்தையும் தெரிகிறது, சேர்ந்து வந்தால் அர்த்தம் தெரியவில்லை. போன மாதம் இரவுப் பணியில் மருந்து அறையில் இருந்தேன். கூட வேலை செய்கிற நர்ஸ் எட்டிப் பார்த்து, “தட் பம்ப் அலாரம் வென்ட் ஆஃப் எகெய்ன்” என்றாள். மருந்து ஏற்றும் பம்பின் அலாரம் நின்றுவிட்டது போல என்று நான் என் வேலையைப் பார்த்தேன். அது அங்கே அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரு பெரியவர், “ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி” என்றார். ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் தலைசுற்றலைச் சொல்லியிருக்கிறார். அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை.

இப்படி வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டி வருவதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப் அகரவரிசையில் உள்ள ஒரு புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்கிறேன். ‘கெட்’ வரை வந்து நிற்கிறது. காலையில் படித்தது இரவில் இல்லை. 34 வயதில் இது இனிமேல் வருமா? நானும் அவர்கள் மாதிரியே பேசித்தான் ஆக வேண்டுமா? சப்டைட்டில் போட்டுப் படம் பார் என்கிறார் என் கணவர். அது உதவுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வையுங்கள். உங்கள் நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லை. ‘கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் பை, கெட் த்ரூ’ என்று ஒரே முகம் கொண்ட இருபது பேரை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் யாருக்கும் யார் பெயரும் நிற்காது. இருபது வருஷமாக நர்ஸ்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பட்டியலைக் கரைத்துக் குடித்து இதில் தேறிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். வடநாட்டிலிருந்து வந்த ஒரு டாக்டர். புத்தகம் வைத்து நன்றாகவே தமிழ் படித்திருக்கிறார். வாந்தி, பேதி, மயக்கம், பசியின்மை எல்லாம் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்து சொல்கிறாள்: “ரெண்டு நாளா வயித்தால போகுது சார். நேத்து மயக்கம் போட்டு விழுந்துட்டேன். பசியே அத்துப் போச்சு.” வயிறு, போ, போடு, விழு, அறு. டாக்டருக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் வயிற்றால் எது போகிறது? மயக்கத்தை எங்கே போட்டாள்? பசி எப்படி அறுந்தது? அந்த டாக்டர் இருக்கும் இடத்தில்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். பாட்டி கஷ்டமான தமிழ் பேசவில்லை. வீட்டில் பேசுகிற தமிழைத்தான் பேசினாள்.

இங்கிலீஷில் இந்தப் பிளவு இன்னும் ஆழமானது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு சுமார் 300 வருஷம் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. படிப்பு லத்தீனில் இருந்தது. அதனால் ஒரே விஷயத்துக்கு இரண்டு சொல் தங்கிவிட்டது. ‘வாமிட்’ லத்தீன் வழி வந்தது, ‘த்ரோ அப்’ வீட்டுச் சொல். பொறுத்துக்கொள்வதற்கு ‘டாலரேட்’ படித்த சொல், ‘புட் அப் வித்’ அடுப்படிச் சொல். நர்சிங் பாடப்புத்தகமும் தேர்வும் உங்களுக்குத் தந்தது பெரும்பாலும் மேல்மாடி இங்கிலீஷ். உடம்புக்கு முடியாத ஒருவர் ராத்திரி 3 மணிக்கு மேல்மாடியிலிருந்து பேச மாட்டார்.

இது கஷ்டம் என்பதை இங்கிலீஷ்காரர்களே எப்போதோ ஒப்புக்கொண்டார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதியை வெளியிட்டபோது, வினையோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அந்நியருக்கு மிகப் பெரிய சிரமம் என்று முன்னுரையில் எழுதினார். ‘கம் ஆஃப்’, ‘செட் இன்’, ‘டேக் ஆஃப்’ என்று வரிசையாக எடுத்துக்காட்டும் கொடுத்தார். ஆகவே 34 வயதை இதற்குக் காரணமாக்காதீர்கள்.

நமக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை. ‘பார்’ என்பது ஒன்று, ‘பார்த்துக்கொள்’ என்பது வேறு. “அம்மாவைப் பார்” என்றால் கண்ணால் பார்ப்பது, “அம்மாவைப் பார்த்துக்கொள்” என்றால் மருந்து கொடுத்து, சோறு போட்டுக் கவனிப்பது. ‘லுக் அட்’, ‘லுக் ஆஃப்டர்’ இரண்டுக்கும் நடுவில் இருப்பது அதே தூரம்தான். இரண்டு மொழியிலும் பார்வையிலிருந்துதான் பராமரிப்பு பிறந்திருக்கிறது. ‘தள்ளிப்போடு’ என்கிறோமே, அதுதான் ‘புட் ஆஃப்’. அங்கேயும் போடுவதுதான், விலக்கிப் போடுவது. ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிடு’ என்பதற்கும் உள்ள வித்தியாசம், ‘ஈட்’ என்பதற்கும் ‘ஈட் அப்’ என்பதற்கும் உண்டு. மீதம் வைக்காமல் முடி என்பதைத் தமிழில் ‘விடு’ சொல்கிறது, அங்கே ‘அப்’ சொல்கிறது. “ட்ரிங்க் இட் அப்” என்று மாத்திரையோடு தண்ணீர் கொடுக்கும்போது சொல்கிறார்கள் அல்லவா, அது இதுதான். ‘விட்டுக்கொடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். விடுவதும் கொடுப்பதும் சேர்ந்து இன்னொருவருக்காக இறங்கி வருவது என்ற பொருள் எப்படி வந்தது? நாம் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. யாரோ யாருக்கோ விட்டுக்கொடுத்ததைப் பார்த்துத்தான் அந்தச் சொல் நமக்குள் வந்தது.

இப்போது உங்கள் அலாரத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் தமிழர்கள் எல்லோரும் வழுக்குகிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலீஷிலிருந்து ‘ஆஃப்’ என்ற சொல்லை மட்டும் உருவி எடுத்து, “லைட்டை ஆஃப் பண்ணு”, “மோட்டார் ஆஃப் ஆயிடுச்சு” என்று நம் வினையைச் சேர்த்துக்கொண்டோம். அதனால் நம் காதில் ‘ஆஃப்’ என்றால் நிற்பது, அணைவது. அது ‘ஆஃப்’ பண்ணுகிற பல வேலைகளில் ஒன்று மட்டும்தான்.

‘ஆஃப்’ என்பதன் அடியில் இருக்கும் படம், ஒட்டியிருந்த இடத்திலிருந்து விலகுவது. எனக்குத் தெரிந்து தமிழில் அதற்கு ரொம்பப் பக்கத்தில் வருவது ‘கிளம்பு’. “வீ ஆர் ஆஃப்” என்றால் கிளம்பிவிட்டோம். விமானம் ‘டேக் ஆஃப்’ ஆனால் தரையை விட்டுக் கிளம்பியது. அலாரம் சும்மா காத்துக்கொண்டிருந்த கருவி. அது ‘வென்ட் ஆஃப்’ என்றால் அதிலிருந்து சத்தம் கிளம்பிவிட்டது. துப்பாக்கியும் பட்டாசும் அப்படியே. பால் ‘கான் ஆஃப்’ என்றால் நல்ல நிலையிலிருந்து விலகிவிட்டது. நாமும் ‘கெட்டுப் போச்சு’ என்று ‘போ’வைத்தான் போடுகிறோம். “ஹி ஹேஸ் கான் ஆஃப் ஹிஸ் ஃபுட்” என்று ஒரு மகள் சொன்னால், அப்பாவுக்குச் சாப்பாட்டில் இருந்த விருப்பம் விலகிவிட்டது, சாப்பிட மறுக்கிறார். “த பெயின்கில்லர் ஹேஸ் வோர்ன் ஆஃப்” என்றால் மருந்தின் வேகம் தேய்ந்து போய்விட்டது, வலி திரும்பிவிட்டது. இவற்றில் பலவற்றை ஒரே வாரத்தில் உங்கள் வார்டில் நீங்கள் கேட்கக்கூடும்.

அதற்காக, இந்தப் படத்தை வைத்துப் புதிதாகக் கேட்கும் சொல்லுக்கு நீங்களே பொருள் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது ஆபத்து. பொருள் தெரிந்த பிறகு அதை மனதில் மாட்டி வைக்க ஒரு ஆணி, அவ்வளவுதான். ‘த்ரோ அப்’ என்பதை யாரும் சொல்லாமல் வாந்தி என்று ஊகிக்க முடியாது.

பெரியவர் சொன்ன ‘கேம் ஓவர் ஃபன்னி’ விஷயத்தைப் பார்ப்போம். இந்த ‘ஃபன்னி’ சிரிப்பு அல்ல, வழக்கத்துக்கு மாறானது. நம் ஊரில் என்ன சொல்வோம்? “என்னமோ ஒரு மாதிரியா வந்துச்சு.” அவர் சொன்னதும் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அதேதான். ‘வந்துச்சு’ என்பதுகூட அங்கே இருக்கிறது, ‘கேம்’. இனி அந்தச் சொல் காதில் விழுந்தால் உங்கள் பாட்டியின் குரலில் கேட்டுப் பாருங்கள், மறக்காது.

சரி, எப்படிப் படிப்பது? யூனிஃபார்ம் பாக்கெட்டில் போகிற சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷிஃப்ட்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. கேட்ட வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள், வெறும் சொல்லை எழுதாதீர்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ நோட்டில் வேண்டாம். சூழ்நிலை மட்டும் போதும்: ‘இரவு, பம்ப், நான் மருந்து அறையில்’ என்று எழுதினாலே அந்தக் காட்சி திரும்ப வரும். பக்கங்களைச் சந்தர்ப்பத்தை வைத்துப் பிரியுங்கள், வினையை வைத்துப் பிரிக்காதீர்கள். வலிக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு ஒரு பக்கம், கழிப்பறைக்கு ஒன்று, ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவருக்கு ஒன்று, வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒன்று. ‘ரன் அவுட் ஆஃப்’ (தீர்ந்துபோவது), ‘டாப் அப்’ (குறைந்ததை நிரப்புவது), ‘யூஸ் அப்’ (மிச்சமில்லாமல் பயன்படுத்துவது) மூன்றும் மருந்து இருப்பு பக்கத்தில் சேர்ந்து இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும்.

எழுதும்போது ஒரு சின்னத் தந்திரம். சொல்லோடு ‘இட்’ சேர்த்தே எழுதுங்கள். ‘டர்ன் ஆஃப்’ என்று எழுதாமல் ‘டர்ன் இட் ஆஃப்’ என்று எழுதுங்கள். ‘லுக் ஆஃப்டர்’ என்று எழுதாமல் ‘லுக் ஆஃப்டர் இட்’. ஏன் என்றால், சில சொற்கள் நடுவில் இடம் கொடுக்கும், சில கொடுக்காது. “டர்ன் த லைட் ஆஃப்”, “டர்ன் ஆஃப் த லைட்” இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ வந்தால் நடுவில்தான் உட்காரும், “டர்ன் ஆஃப் இட்” தப்பு. ‘லுக் ஆஃப்டர்’, ‘கெட் ஓவர்’ மாதிரிச் சொற்களில் ‘இட்’ எப்போதும் கடைசியில்தான். ‘புட் அப் வித் இட்’ போன்ற மூன்று சொல் கூட்டத்திலும் கடைசிதான். இலக்கணப் புத்தகம் இதற்குப் பல பக்கம் ஒதுக்கும். ‘இட்’ இருக்கும் இடத்தைக் கண் பழகிவிட்டால் அந்தப் பக்கங்கள் தேவைப்படாது. “டேக் இட் ஆஃப்”, “ரோல் இட் அப்”, “பாப் இட் ஆன்” என்று கவுனையும் சட்டைக் கையையும் பற்றி நாள் முழுக்கச் சொல்கிற வேலை உங்களுடையது. (‘பாப்’ என்ற சொல்லை பிரிட்டிஷ் நர்ஸ்கள் எதற்கும் போடுவார்கள். செய்யச் சொல்வதை மென்மையாக்கும் சொல் அது, பயப்பட வேண்டாம்.)

அப்புறம் காது. ‘எல்லா வார்த்தையும் தெரிகிறது, சேர்ந்து வந்தால் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். பாதிச் சிக்கல் பொருளில் இல்லை, சத்தத்தில் இருக்கிறது. ‘பிக் இட் அப்’ என்று மூன்று சொல்லை எதிர்பார்க்கிறீர்கள். வருவது ‘பிக்கிட்டப்’ என்ற ஒரே சொல். பள்ளியில் புணர்ச்சி படித்தோமே, “உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே” என்று நன்னூல் சொல்லும். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப், ஆஃப், அவுட், ஆன், இன், ஓவர் எல்லாமே உயிரில் தொடங்குகின்றன. முன்னால் மெய் இருந்தால் அவை ஒட்டாமல் வேறென்ன செய்யும்? ‘டேக் இட் ஆஃப்’ என்பது ‘டேக்கிட்டாஃப்’. பிரிட்டனில் பல இடங்களில் நடுவில் வரும் ‘ட்’ ஓசையைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். நோட்டில் இங்கிலீஷ் வாக்கியத்துக்குக் கீழே நீங்கள் கேட்ட மாதிரியே தமிழில் ஒட்டி எழுதுங்கள். நம் எழுத்து ஓசையை எழுதவே பிறந்தது.

அழுத்தமும் ஒரு துப்பு. ‘டேக் இட் ஆஃப்’ என்பதில் குரல் கடைசி ‘ஆஃப்’ மேல் ஏறும். ‘லுக் அட் இட்’ என்பதில் ‘லுக்’ மேல்தான் ஏறும். வால் பலமாகக் கேட்டால், அந்த வால்தான் பொருளை மாற்றுகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஆயிரம் வேண்டாம் என்று சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற தொகுப்பை கார்ட்னர், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலசி 2007இல் வெளியிட்டார்கள். அதில் வந்த ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல் வெறும் 100 சொற்களே திரும்பத் திரும்ப வந்தவை. முதலிடம் ‘கோ ஆன்’. ஆனால் அந்த 100க்கும் சராசரியாக ஐந்துக்கு மேல் பொருள் உண்டு. எனவே ஒரு சொல்லைக் கேட்டதும் அகராதியைத் திறந்து எல்லாப் பொருளையும் எழுதிக்கொள்ளாதீர்கள். கேட்ட பொருள் ஒன்று மட்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் “ஹி இஸ் கமிங் ரௌண்ட்” என்றால் மயக்கம் தெளிகிறது. அதே சொல் ‘வீட்டுக்கு வந்து பார்’ என்றும் வரும், ‘மனம் மாறி ஒத்துக்கொள்’ என்றும் வரும். அவை வருகிற அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. புரியாதபோது தலையாட்டாதீர்கள். நம் பழக்கம் அது. திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு, இங்கிலீஷ் தெரியாது என்று நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம். உங்கள் வேலையில் அந்தக் கூச்சத்துக்கு இடம் இல்லை. புரிந்ததை உங்கள் மேல்மாடி இங்கிலீஷில் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: “டூ யூ மீன் யூ வாமிட்டட்?” “டூ யூ மீன் த அலாரம் இஸ் ரிங்கிங்?” ஒரு வாக்கியம் போதும். எந்த நோயாளியும் இதற்குக் கோபப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கேட்காமல் சிரித்தால்தான் புண்படுகிறார்கள், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

நீங்களும் அப்படிப் பேச வேண்டுமா? புரிந்துகொள்வது கடமை. பேசுவது தானாக வரட்டும். இஸ்ரேலில் பேசும் எபிரேயத்தில் இப்படிப்பட்ட வினைகள் கிடையாது. டாகுட், லாஃபர் என்ற இருவர் இஸ்ரேலில் மாணவர்களிடம் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாணவர்கள் ஃப்ரேசல் வெர்ப் வரும் இடங்களில் நழுவி ஒற்றைச் சொல்லையே தேர்ந்தெடுத்தது தெரிந்தது. நீங்கள் செய்வதும் அதுதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நோயாளியின் குறிப்பேட்டில் ‘வாமிட்டட் ட்வைஸ்’ என்றே எழுதுங்கள், அங்கே அதுதான் தெளிவு. மரணச் செய்தியிலும் அப்படித்தான். ‘பாஸ்ட் அவே’ பேச்சில் இதமாக இருக்கலாம். ஆனால் குடும்பத்தாரிடம் செய்தி சொல்லும்போது குழப்பம் வராமல் ‘டைடு’ (இறந்துவிட்டார்) என்ற சொல்லையே பயன்படுத்தச் சொல்லி அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். எந்த இடத்தில் எது என்று தெரிவதுதான் திறமை. ஒரு எச்சரிக்கை: ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2014’ என்று நம் ஊரில் படிப்பு முடித்ததைச் சொல்வோம். அங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்று பொருள். சமாளிப்பதைச் சொல்லும் ‘கோப் அப் வித்’ என்பதிலும் அந்த ‘அப்’ நாம் சேர்த்தது, ‘கோப் வித்’ போதும்.

படம் பார்ப்பது நல்லதுதான், தாராளமாகப் பாருங்கள். ஆனால் ஓடுகிற படத்தில் கேட்டது ஓடியே போய்விடும். ஐந்து நிமிஷக் காட்சி ஒன்றை எடுத்து, முதல் தடவை சப்டைட்டில் இல்லாமல், இரண்டாம் தடவை அதோடு, மூன்றாம் தடவை மறுபடி இல்லாமல் பாருங்கள். உங்கள் கணவரும் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

நோட்டின் முதல் இரண்டு வரியை நீங்கள் ஏற்கெனவே எனக்கு எழுதிவிட்டீர்கள், அலாரமும் பெரியவரும். அவர் இன்னும் வார்டில் இருந்தால், அடுத்த ரவுண்டில் கட்டில் பக்கம் நின்று, “ஹேவ் யூ கம் ஓவர் ஃபன்னி எகெய்ன்?” என்று கேளுங்கள். அவர் ‘ஆமாம்’ என்றால் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நிற்க வைத்து ஒரு தடவை பிபி பாருங்கள். அது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.